உலகம்மாள் வீட்டுக்கு விழுந்த ஒற்றைச் சீட்டு

அம்பாசமுத்திரத்தில் உலகம்மாள் என்றொருத்தி. நாற்பத்திரண்டு வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து, அறுவைச் சிகிச்சையும் மருந்தும் கண்டு மீண்டு, அறுபத்தெட்டிலும் உளுந்துவடை தட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய மூன்று மகள்களும் ஒரே பயத்தை ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்திருந்தார்கள்: அடுத்து நானா?

மாதர் சங்க முகாமின் குலுக்கலில் அவர்களுக்கு ஒரு சீட்டு விழுந்தது. குடும்பத்தில் யாரேனும் ஒருவருக்கு, புற்றுநோய் பரம்பரையாக வருமா என்று பார்க்கும் மரபணுச் சோதனை இலவசம். பெயர் எழுதும் இடம் காலி. எதையும் மூன்றாகப் பங்கு வைத்தே பழகிய வீடு அது. சோதனையை எப்படிப் பங்கு வைப்பது?

மூத்தவள் செண்பகம், தொண்ணூற்றிரண்டு கிலோ. "மாதவிலக்கு நின்னப்புறம் எடை ஏறினா ஆபத்துன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. சீட்டு எனக்குத்தான்" என்றாள், நான்காம் வடையை எடுத்தபடி.

நடுவள் வடிவு, ஒல்லி. "யக்கா, உனக்குத் தராசு போதும். நான் அம்மா அச்சு. மூக்கு, முழங்கால் வலி, கோவம் எல்லாம் அப்படியே. அந்த ஜீன் மட்டும் வழி தப்பி உங்கிட்டயா வரும்?"

கடைசி மகள் மங்கை அப்பா ஜாடை. "எனக்கு ரெண்டும் பொட்டப்புள்ளைய. உங்களுக்கு எல்லாம் பயலுவதானே, உங்களுக்கு என்ன கவலை?"

"ஏட்டி, சண்டை போடாதீங்க. என் பேரை எழுதித் தொலைங்க" என்றாள் உலகம்மாள் அடுப்படியிலிருந்து.

அன்றைக்கு முதல்முறையாக மூவரும் ஒன்றுபட்டார்கள். "பாஸான பரீட்சையை யாராவது மறுபடி எழுதுவாங்களா? நீ வடையைப் பாரும்மா!"

வாசகரே, பேனா உங்கள் கையில். அந்தச் சீட்டில் யார் பெயரை எழுதுவது சரி?

விடை: உலகம்மாள் பெயரை. நோய் வந்தவளிடம் முதலில் தேடுவதே முறை. அவளிடம் மரபணுப் பிறழ்வு அகப்பட்டால், மகள்களிடம் எதைத் தேடுவது என்று தெரிந்துவிடும். ஒவ்வொருத்திக்கும் அது வந்திருக்கச் சரிபாதி வாய்ப்பு. மூக்கு யாருடையது என்று அது விசாரிப்பதில்லை, பயல்களையும் விலக்குவதில்லை. தாயை விட்டு மகளைச் சோதித்து ஒன்றும் அகப்படாவிட்டால், அவள் தப்பித்தாளா, அல்லது அந்த வீட்டில் அகப்படக்கூடியது எதுவுமே இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. எடை வேறு வழக்கு. அதற்குச் சீட்டு வேண்டாம். செண்பகம் ஐந்தாம் வடையைக் கீழே வைப்பதில் தொடங்கலாம். வடிவின் ஒல்லியும் தாயத்தல்ல. மருத்துவரைப் பார்ப்பது மூவருக்கும் பொது. உலகம்மாள் பாஸானவள்தான். ஆனால் மகள்களின் வினாத்தாள் அவளிடமல்லவா இருக்கிறது!