தெற்கு வாசல் வீட்டுக்கு என்ன விலை?

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே செங்கழனி நாட்டை வீரகேது என்று ஒரு ராசா ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் காலையில் ஒன்று கேட்பார், சாயங்காலம் வேறொன்று கேட்பார், கேட்டது கைக்கு வந்தாகவேண்டும். அவர் மனசுக்கு ஏற்றபடி தாளம் போட அம்பலவாணப் பிரதானி என்று ஒரு மந்திரி கூடவே இருந்தார். ராசாவின் மனசைக் குளிரவைக்க அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். ராசா எதை விலைக்குக் கேட்டாலும் யாரும் 'தரமாட்டேன்' என்று சொல்லக்கூடாது. விலையைக் கூட்டிக் கேட்கலாம், குறைத்துக் கேட்கலாம். 'மாட்டேன்' என்று சொன்னால் சிறைதான்.

ஆற்றங்கரைத் தெருவில் பிரதானிக்கு இரண்டடுக்கு மாளிகை. அதை ஒட்டினாற்போல் பொரி வறுத்து விற்கிற சடைச்சியின் மண்சுவர் வீடு. அவள் புருஷன் ராசாவின் படையில் எல்லைக் காவலுக்குப் போயிருந்தான். வீட்டில் அவளும் கைக்குழந்தையும்தான். யாராவது உரக்கப் பேசினாலே தலையைக் குனிந்துகொள்கிற பெண் அவள். ஆனாலும் அவள் அடுப்புப் புகை தன் மாடத்துக்கு ஏறி வருவது பிரதானிக்குப் பொறுக்கவில்லை. ராசாவுக்கு ஆற்றுக் காற்றில் ஊஞ்சல் ஆடும் ஆசை வந்ததோ இல்லையோ, "அதோ, அந்த இடம்தான் மகாராசா!" என்று சடைச்சி வீட்டைக் காட்டிவிட்டார்.

குழந்தையோடு அவளைச் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"மகாராசா நூறு வராகன் தருகிறார். உன் விலை என்ன?" என்றார் பிரதானி.

மண்ணைக் குழைத்து சடைச்சியும் புருஷனும் எழுப்பிய சுவர். அவன் திரும்பி வந்தால் எந்த வாசலில் வந்து கூப்பிடுவான்? 'தரமாட்டேன்' என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. குழந்தையைப் பார்த்தாள், விழுங்கிக்கொண்டாள். கூடுதல் விலையைக் கேட்டாவது விட்டுவிடமாட்டார்களா என்று, "இருநூறு சாமி" என்றாள்.

"இருநூறா!" பிரதானி கையைக் கொட்டிச் சிரித்தார். "வாசல் தெற்கே பார்க்கிறது. எமன் நடமாடுகிற திக்கு! ஐம்பதே அதிகம்."

"நூற்றெண்பது சாமி."

"அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தால் புத்தி மழுங்கும். இருபது!"

அப்போதுதான் சடைச்சி லேசாகக் கண்ணைத் தூக்கினாள். எமன் என்றதும் ராசாவின் கை கழுத்துத் தாயத்துக்குப் போயிருந்தது. புத்தி என்றதும் நெற்றியைத் தடவிக்கொண்டார். சடைச்சி குழந்தையை இடுப்பில் நன்றாக ஏற்றி வைத்துக்கொண்டாள்.

"பிரதானி ஐயா சொல்றது சரிதான்" என்றாள். "இன்னும் என்ன குறை இருக்கு ஐயா? சொல்லுங்க, குறைச்சுக்கிறேன்."

பிரதானிக்கு உற்சாகம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்த வீட்டில் இருந்தால் குடும்பம் பிரியும். இவள் புருஷனைப் பாருங்கள், எங்கேயோ கிடக்கிறான்! வாசல் நிலையோ தாழ்ந்த நிலை. உள்ளே நுழைகிறவர் தலையிலிருந்து கிரீடமே விழும்! ஐந்து வராகன். அதற்கு மேல் ஒரு காசு கிடையாது!"

"சம்மதம் சாமி. அஞ்சுக்கே தர்றேன்."

சபை வாயைப் பிளந்தது.

"ஆனா ஊரெல்லாம் தண்டோரா போட்டுடணும். எமன் திக்கு, புத்தி மழுங்கும், குடும்பம் பிரியும், கிரீடம் விழும், எல்லாம் தெரிஞ்சுதான் மகாராசா வாங்கினாருன்னு. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, குத்தம் என் தலையில விழக்கூடாது பாருங்க."

ராசா சிம்மாசனத்தை விட்டு எழுந்துவிட்டார். "அம்பலவாணா! இங்கேயா என்னை ஊஞ்சல் ஆடச் சொன்னாய்?"

"ஐயோ மகாராசா, அது விலைக்காகச் சொன்னது! அருமையான வீடு. தெற்கு வாசலில்தான் தென்றல் வரும்!"

"அப்போ அம்பது" என்றாள் சடைச்சி.

"தண்ணீர் தேனாக இனிக்கும்!"

"நூறு."

"அங்கே குடியிருந்தால் ராச்சியமே கிடைக்கும் மகாராசா!"

"அவ்வளவு நல்ல வீடா ஐயா?" இப்போது அவள் தலை குனியவில்லை. "கெட்ட வீடுன்னா ராசாவுக்கு ஆகாது. நல்ல வீடுன்னா நான் எதுக்குக் கொடுக்கணும்? ரெண்டுல எதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. விலையை அப்புறம் பேசலாம்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராசாவும் வயிறு குலுங்கச் சிரித்தார். "உன் வீடு உனக்கே, பெண்ணே! ஆனால் எனக்கு ஊஞ்சல் வேண்டுமே." அவர் பார்வை திரும்பியது. "அம்பலவாணா, உன் மாளிகையும் ஆற்றங்கரைதானே? அதைக் கொடு. சடைச்சி, எனக்காக நீ பேரம் பேசு. விலையை எவ்வளவு அடித்துக் குறைக்கிறாய், பார்ப்போம்!"

பிரதானியின் மீசை நடுங்கியது. இன்றைக்கு மாளிகை மாட்டுக்கொட்டகை விலைக்குப் போகப்போகிறது என்று சபை காதைத் தீட்டிக்கொண்டது.

"அந்த வீட்டுல ஒரு குறையும் இல்லை மகாராசா" என்றாள் சடைச்சி. "பக்கத்துலயே இருந்து பார்க்கிறவ சொல்றேன். ஐயா கேக்குறதைக் கொடுத்துடுங்க. ஆனா விலைக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். என்கிட்ட யாருமே கேக்கலை, நான் கேக்கிறேன். கொடுக்க மனசு இருக்கா ஐயா?"

பிரதானி ராசாவைப் பார்த்தார். வாசலில் ஈட்டியோடு நின்ற காவலர்களைப் பார்த்தார். கடைசியில் மேல்துண்டுக்குள் முணுமுணுத்தார். "மா... மாட்டேன்."

"சத்தமா சொல்லுங்க ஐயா, பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கலை."

"தரமாட்டேன் மகாராசா! என் வீட்டைத் தரமாட்டேன்!"

சட்டம் போட்டவரே சட்டத்தை மீறினார். காவலர்கள் அவரைப் பிடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார்கள். ராசா கையை உயர்த்தினார். பிறகு, "ஈட்டியை இறக்குங்கள். அந்தச் சட்டம் இன்றோடு போயிற்று" என்றார். தன் முத்துமாலையைக் கழற்றிச் சடைச்சிக்குக் கொடுத்தார். குழந்தை அதை எட்டிப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. பிரதானி அன்றைக்குப் பின்வாசல் வழியாகத்தான் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் ராசா சந்தைப் பக்கம் போனார். கொண்டை சிவந்த ஒரு சேவல் கண்ணில் பட்டது. "என்ன விலை?" என்றார்.

"விக்கிறதுக்கு இல்லை சாமி" என்றான் சேவல்காரன்.

சுற்றி நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ராசா சேவலைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"சரிப்பா" என்று நடையைக் கட்டினார்.