கிணற்றுப் பாத்தியம்

"பாத்தியம்னா என்னங்கம்மா? அத மட்டும் சொல்லுங்க. அவ காதுல போய் ஓதிட்டு வர்றேன்."

வெயிலில் நாலு மைல் நடந்து வந்த வெள்ளிங்கிரி, செருப்பை மூலைக்கொன்றாய் உதறிவிட்டுக் கத்தினார். மலையடி மடத்து அகிலாண்டம்மாள் அவரைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் அவர்தான் குரு.

"எவ காதுல?"

"என் தங்கச்சிதான். அப்பன் அவளுக்கு ஒரு ஏக்கரா எழுதி வெச்சாரு. கெணத்துப் பாத்தியம், உரிமை எல்லாம் எனக்கு. இப்பத் தக்காளி காயுது, வாரத்துல ஒரு நாள் தண்ணி விடுங்கறா. மோட்டார் ரூமைப் பூட்டி மூணு நாளாச்சு."

சாவி இடுப்பில் தொங்கியது. அதில் ஒரு பெருமை வேறு அவருக்கு.

அம்மாளின் முகம் சிவந்தது.

"பத்திரம் இருக்குதா?"

மஞ்சள் பையிலிருந்து பவ்வியமாக எடுத்தார்.

"படிங்க. நெழல்ல வேண்டாம். வாசல்ல நின்னு படிங்க."

படித்தார். நாலு பக்கத்து எல்லை, சர்வே நம்பர், கடைசியில் கிணறு. "புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக் கொள்ளவும்."

"இன்னொருக்கா."

மறுபடியும் படித்தார்.

"இன்னொருக்கா!"

மூன்றாம் தடவை 'புத்திர' என்பதற்குமேல் குரல் எழும்பவில்லை. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது.

"அம்மா, கொஞ்சம் தண்ணி."

மண்பானை நிறையத் தண்ணீர் இருந்தது. அம்மாள் தட்டைப் போட்டு மூடி, அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

"இந்தப் பானை உங்க பத்திரத்துல எந்தப் பக்கத்துல வருது?"

வெள்ளிங்கிரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மூன்று வருஷமாகக் காலில் விழுந்து கும்பிட்ட குரு என்பதுகூட மறந்து போனது.

"தொண்டை காஞ்சு நிக்கறவங்கிட்டப் பத்திரத்தக் கேக்கறீங்களே, நீங்கெல்லாம் ஒரு மனுசியா?"

"இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றார் அம்மாள். "தக்காளிக் காட்டுல ஒருத்தி மூணு நாளா இதத்தான் சொல்லிட்டிருக்கா. ரெண்டு பேரும் சேந்து சொன்னாவாச்சும் உங்க காதுல ஏறுதான்னு பாப்போம்."

வெள்ளிங்கிரியின் கை இடுப்புச் சாவிக்குப் போனது.

தண்ணீர் குடிக்காமலே செருப்பைத் தேடினார்.