தொட்டால் உடையும்

கோவில்பட்டியில் சைக்கிள் கடை மாடியில் ஜெசிந்தா டீச்சர் லினக்ஸ் சொல்லிக்கொடுத்தாள். அவளிடம் படிக்க வந்தவர்களில் மூத்தவர் தவசிக்கண்ணு. டீச்சரைவிட இருபது வயது பெரியவர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆனாலும் சீடன் சீடன்தான். அவள் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்தது ஒரு வன்மம்.

முன்பு அவர் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். கடைக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் விண்டோஸில் இல்லை, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸில் ஓடின. பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து அவரே ஒரு விளையாட்டை யோசித்தார். சென்னையில் ஒரு கம்பெனிக்காரர்கள் அவரை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, முழுவதையும் கேட்டுக்கொண்டார்கள். லினக்ஸிலும் வரும் என்று கைகுலுக்கினார்கள். விளையாட்டு வந்தது. அதில் அவர் பெயர் இல்லை. விண்டோஸுக்கு மட்டும் வந்தது. அவர் யோசித்த விளையாட்டு அவர் கடையிலேயே திறக்கவில்லை.

இதை மறந்துவிடு என்று சொல்வது எளிது. சொல்கிறவனுக்கு என்ன போயிற்று?

தவசிக்கண்ணு மறக்கவில்லை. டீச்சரிடம் படித்து, சொந்தமாக ஒரு கேம் இன்ஜின் எழுத ஆரம்பித்தார். திரையில் ஆள் நடப்பது, பந்து விழுவது, வெளிச்சம் படுவது எல்லாவற்றையும் அடியில் கிடந்து ஓட்டுகிறது இன்ஜின்தான். அது ஒன்று இருந்தால் போதும். அதன்மேல் யார் வேண்டுமானாலும் தன் விளையாட்டைக் கட்டிக்கொள்ளலாம், எந்தக் கம்பெனி வாசலிலும் நிற்க வேண்டாம். அதுவும் லினக்ஸில். அதுதான் அவர் கணக்கு.

இன்ஜினைச் சோதித்துப் பார்க்க ஒரு காட்சி வேண்டுமே. அதற்கு அந்தக் கம்பெனியின் மூன்று மாடிக் கண்ணாடிக் கட்டடத்தை அச்சு அசலாகத் திரையில் கட்டினார். ஒரு கை போய் அதைத் தொடும். தொட்டதும் கட்டடம் நொறுங்கிக் கொட்டும். ஒவ்வொரு சில்லும் தனித்தனியாக விழும், தெறிக்கும், மினுங்கும். வருஷக்கணக்கில் அதைத்தான் திருத்திக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு எத்தனை தடவை இடிச்சீங்க, அண்ணாச்சி?" என்று கூடப் படிப்பவர்கள் கேலி செய்வார்கள்.

"விண்டோஸ் விளையாட்டையே லினக்ஸில் ஓட்ட வழி வந்தாச்சே. இன்னும் எதுக்கு இந்தப் பாடு?" என்றான் ஒருவன்.

"அது இரவல் சட்டைடா. உனக்குப் பத்தும். உன்னுதுன்னு சொல்ல முடியுமா?" என்றார்.

ஒருநாள் காஜா என்பவன் அவரைத் தேடி வந்தான். செல்போன் பழுது பார்க்கிறவன். பழைய லேப்டாப் ஒன்று வைத்திருந்தான். அதில் லினக்ஸ் மட்டும்தான் ஓடும்.

"ஒரு விளையாட்டு மனசுல இருக்கு, அண்ணாச்சி. ஒரு தகப்பன். பஸ்ல பிள்ளை தூங்கிருச்சு. அதைத் தோளில போட்டு வீடு வரைக்கும் கொண்டுபோகணும். நாய் குலைக்கும், ஒலிபெருக்கி பாடும். பிள்ளை முழிச்சிடக் கூடாது. அவ்வளவுதான்."

"யாரையும் அடிக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

தவசிக்கண்ணுவின் இன்ஜினைக் கேட்டு வந்த முதல் ஆள் அவன். இதுவரை யாரும் செய்யாத விளையாட்டு, இங்கே, லினக்ஸில், அவர் இன்ஜினில் வரப்போகிறது. உடனே உட்கார்ந்து, அந்தக் கண்ணாடிக் கட்டடம் நின்ற காட்சியிலேயே ஒரு தெரு வரைந்தார். பஸ் இருக்கையில் ஒரு பிள்ளையைப் படுக்கவைத்தார். தகப்பனை நடத்திவந்து குனிய வைத்தார்.

தகப்பனின் கை பிள்ளையைத் தொட்டது. பிள்ளை கண்ணாடி மாதிரி நொறுங்கிக் கொட்டியது.

மறுபடியும் செய்தார். மறுபடியும் நொறுங்கியது. ஒவ்வொரு சில்லும் மினுங்கியது.

காஜா திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் வீட்டில் அந்த வயதில் ஒரு மகள் இருந்தாள்.

"விடுங்க, அண்ணாச்சி. நான் விண்டோஸ் மெஷின் எதையாவது பார்த்து, அந்தச் சென்னைக் கம்பெனிக்காரங்க இன்ஜினை வெளியாளுக்கும் தாராங்களாம், அதிலேயே பண்ணிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

தவசிக்கண்ணு டீச்சரிடம் போனார்.

"டீச்சர், லினக்ஸில் சொந்த விளையாட்டுன்னு ஒண்ணு வரவே வராதா?"

ஜெசிந்தா அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். திரையில் இருந்த தெருவில் ஒரு வாழை இலையை வைத்து, கையை அதன்மேல் கொண்டுபோனாள். இலை நொறுங்கியது. ஒரு குடம் தண்ணீர் வைத்தாள். குடமும் நொறுங்கியது, தண்ணீரும் நொறுங்கியது.

"கை பட்டா என்ன ஆகணும்னு எங்கே எழுதியிருக்கீங்க?"

காட்டினார்.

"உடையணும்னு மட்டும்தான் இருக்கு."

"அந்தக் கட்டடத்துக்கு அது போதுமாயிருந்தது, டீச்சர்."

அவள் எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டாள்.

"இதை மாத்தினா அடியிலிருந்து எல்லாத்தையும் மாத்தணும். இடிக்கிறது நின்னுபோகும்" என்றார்.

அவள் வேறு ஒருவனுக்குப் பாடம் சொல்லப் போய்விட்டாள்.

தவசிக்கண்ணு அன்று எதையும் தொடவில்லை. கட்டடத்தை மட்டும் இரண்டு மூன்று தடவை இடித்துப் பார்த்தார். பழைய மாதிரி இனிக்கவில்லை. மறுநாள் உடையணும் என்ற அந்த வரியை அழித்தார்.

மழைக்காலம் பாதி போய்விட்டது. பிடித்தால் நழுவும், தூக்கினால் கனக்கும், சாய்ந்தால் தாங்கும் என்று ஒவ்வொன்றாக எழுதிப் போட்டார். முதலில் பிள்ளை கையைத் துளைத்துக்கொண்டு கீழே விழுந்தது. பிறகு கையோடு ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. கடைசியில் ஒருநாள் தோளில் சாய்ந்தது. அதன் தலை மெல்ல ஆடியது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு காஜா கடைக்கே போனார். அவன் விண்டோஸ் மெஷின் ஒன்றுக்குச் சொல்லிவைத்திருந்தான், இன்னும் வந்து சேரவில்லை. தவசிக்கண்ணு திரையைத் திறந்து காட்டினார். அவன் தகப்பனை நடத்தினான். தெருமுனை வரை பிள்ளை முழிக்கவில்லை. அவனுக்கே தெரியாமல் அவன் முழங்கை உயர்ந்து, யாரையோ தாங்குவதுபோல் இருந்தது.

மறுநாள் காலை அவன் மாடியேறி வந்தான்.

"மழையும் வேணும், அண்ணாச்சி. மழை பிடிச்சா பிள்ளை நனையாம எங்கேயாவது ஒதுங்கணும். தெருவில இந்தக் கட்டடம் ஒண்ணுதான் நிக்குது. நேத்து தகப்பனோட இதைச் சுத்திச்சுத்தி வந்தேன். உள்ளே போக வழியே இல்லையே?"

தவசிக்கண்ணுவின் முகம் கறுத்தது.

"அதை எடுத்துடுறேன். வேற வீடு கட்டித் தாரேன்."

"எதுக்கு எடுக்கணும்?" என்றாள் ஜெசிந்தா. அவள் பின்னால் வந்து நின்றதை அவர் கவனித்திருக்கவில்லை.

அவர் எழுந்து நின்றார்.

"அவனுக கட்டடம், டீச்சர். காப்பி கொடுத்துக் கழுத்தறுத்தவனுக. அவனுக இடத்திலயா இந்தப் பிள்ளை போய் ஒதுங்கணும்?"

ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். மூன்று மாடியும் வெயிலில் பளபளத்தன.

"அவங்க இதில ஒரு செங்கல்கூட வைக்கலையே, அண்ணாச்சி. ஒவ்வொரு கண்ணாடியும் நீங்க மாட்டினது. கதவு மட்டும்தான் இன்னும் வைக்கல."