நாக்கைக் கட்டிய மை

சத்தியமாகச் சொல்கிறேன், சூடம் அடித்துச் சொல்கிறேன், தலையில் அடித்துச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல் பொய்யில்லை. பொய்யென்று நிரூபிக்கிறவன் என் மீசையை ஒரு பக்கம் மட்டும் சிரைத்துவிட்டுப் போகலாம்.

கடல்தண்ணீர் இளநீராய் இனித்த காலம் அது. வலம்புரிப்பட்டினத்தில் திருமேனிநாதன் என்று ஒரு சங்கு வியாபாரி. ஏழு கப்பல், ஏழு கட்டு வீடு, ஏழு விரலில் மோதிரம். அவன் பெண்சாதி செண்பகவடிவு, ஒரே ஒரு ஓட்டைக் கப்பல் இருந்த நாளில் வாழ வந்தவள். சங்கைக் காதில் வைத்தாலே நல்லது எது, சொத்தை எது என்று சொல்லிவிடுவாள். மிச்ச ஆறு கப்பலும் அந்தக் காதால் வந்தவைதாம். ஊரில் யாராவது அதைச் சொன்னார்களா? 'திருமேனிநாதனுக்குக் கைராசி' என்றார்கள். கைராசியாம், மண்ணாங்கட்டி!

ஒருநாள் புருஷன் மேல்துண்டில் தாழம்பூ வாசம். வடிவு தாழம்பூ வைப்பதே இல்லை, அவளுக்குத் தலைவலி வரும்.

"இதென்னங்க வாசம்?"

"கப்பலில் தாழம்பூ ஏற்றினோம்."

"கப்பல் உங்கள் மார்பிலா வந்து படுத்தது?"

மாட்டிக்கொண்டவனுக்கு வெட்கம் வரவேண்டும். இவனுக்குக் கோபம் வந்தது. "ஆமாண்டி! மாலுமித்தலைவர் மகள் கோமளவல்லி. வருகிற பௌர்ணமிக்குக் கல்யாணம். உன்னால் ஆனதைப் பார்!"

"பார்க்கத்தான் போகிறேன். சபையில் மூன்று தரம் கேட்பார்கள். மூன்று தரமும் மாட்டேன் என்பேன்."

அந்த ராஜ்யத்தில் ஒரு கட்டுப்பாடு. ஆண்பிள்ளை இரண்டாம் கல்யாணம் செய்ய, மூத்தவள் சபையில் மூன்று தரம் சம்மதம் சொல்லவேண்டும். பிறகு தன் கையாலேயே வெற்றிலைத் தட்டை எடுத்து இளையவளிடம் நீட்டவேண்டும். பெண்பிள்ளை இரண்டாம் கல்யாணம் செய்ய என்ன கட்டுப்பாடு என்று கேட்காதீர்கள். அதை எழுத எவனுக்கும் கை வரவில்லை.

திருமேனிநாதன் விழுந்தடித்து ஓடினான். முள்ளுக்காடு தாண்டி, கள்ளிக்காடு தாண்டி, எலும்புக்காடு தாண்டி, ஒற்றைக்கண் உத்தண்டன் என்ற மந்திரவாதியின் குகையில் போய் விழுந்தான்.

"என் பெண்சாதி வாயில் 'சரிங்க' தவிர ஒன்றும் வரக்கூடாது, சாமி."

உத்தண்டன் தேனில் மை குழைத்தான். "நாக்கை மட்டும் கட்டவா? கையையும் சேர்த்துக் கட்டவா?"

"கையைக் கட்டினால் எனக்குச் சோறு போடுவது யார்?" என்று சிரித்தான் திருமேனிநாதன்.

மந்திரவாதிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்றால் பாருங்கள்!

வீட்டுக்கு வந்தவன் அதிரசத்தில் அந்தத் தேனைத் தடவினான். "கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டேன் வடிவு. கல்யாணமும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. வாயைத் திற" என்றான். பத்து வருஷத்தில் முதல் தரமாகப் புருஷன் ஊட்டுகிறான். அந்தப் பேதை கண் கலங்க வாயைத் திறந்தாள். அடப்பாவி! விஷம் வைப்பவனாவது ஒளித்து வைப்பான். இவன் பிரியத்தில் அல்லவா வைத்தான்!

"இனிக்கிறதா?"

'நீங்கள் ஊட்டினால் இனிக்காதா' என்று சொல்ல நினைத்தாள். வந்தது, "சரிங்க."

"பௌர்ணமிக்குக் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமா?"

தொண்டைக்குள் 'மாட்டேன்' என்று முட்டிற்று. வாய் சொன்னது, "சரிங்க."

வடிவு மாமியாரிடம் ஓடினாள். காலைப் பிடித்து அழுதாள். "என்னடி, கஞ்சியைக் காய்ச்சிவிட்டு வந்து அழேன்" என்றாள் மாமியார். "சரிங்க." மாமியார் பூரித்துப் போனாள். "இன்றைக்குத்தான் எனக்கு மருமகள் வந்தாள்!"

அண்ணன் வந்தான். வடிவு தன் வாயைத் தொட்டுத் தொட்டுக் கையை ஆட்டினாள். "சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் தங்கச்சி, அப்போ நான் கிளம்பட்டுமா?" "சரிங்க." சொன்னவள் அவன் துண்டைப் பிடித்து இழுத்தாள். "பாசக்காரி!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான் அந்த மடையன்.

ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். "புருஷன் இன்னொருத்தியைக் கட்டுகிறான், வருத்தமில்லையே அம்மா?" "சரிங்க." ஆகா! பத்தினி என்றால் இவளல்லவா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மறுநாளே தங்கள் பெண்பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். "பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்!" நாக்குக் கட்டுண்டவள் கண்ணில் தண்ணீர் ஓடியதே, அதை ஒருவனாவது பார்த்தானா?

பௌர்ணமி வந்தது. உச்சிவேளையில் சபை கூடியது. ராஜா நடுவே, பெண்களெல்லாம் ஓரமாய். கோமளவல்லி சிவப்புப் பட்டில் நின்றாள், பதினெட்டு வயசு.

"சம்மதமா அம்மா?" ராஜா கேட்டார்.

"சரிங்க."

"மனசாரச் சம்மதமா?"

வடிவு உதட்டைக் கடித்தாள். ரத்தம் வந்தது. அதோடு சேர்ந்து வந்தது, "சரிங்க."

"மூன்றாம் தரம் கேட்கிறேன். சம்மதமா?"

"சரிங்க."

திருமேனிநாதன் மீசையைத் தடவினான். வெற்றிலைத் தட்டை வடிவின் கையில் கொடுத்தார்கள். கோமளவல்லி இரண்டு கையையும் நீட்டினாள். விரலெல்லாம் மருதாணி. வடிவு அதைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். நீட்டிவிட்டால் வீட்டின் ஏழாம் கட்டில் ஒரு மூலை கிடைக்கும், 'சரிங்க' என்று சொல்லிக்கொண்டே கிடந்து சாகலாம். அந்தக் கை அவளுடையது. அதை யாரும் கட்டவில்லை.

தட்டைக் கவிழ்த்தாள்.

பாக்கு உருண்டது. வெற்றிலை பறந்தது. வெண்கலத் தட்டு 'ணங்' என்று தரையில் விழுந்த சத்தத்தில் மை உருகி, அவள் வாயோரம் கறுப்பாய் வழிந்தது.

"மாட்டேன்!" என்றாள் வடிவு. "மாட்டேன்! மாட்டேன்! அதிரசத்தில் மை வைத்து என் நாக்கைக் கட்டினார் மகாராஜா, இந்த மனுஷர்!"

"பொய்!" என்று திருமேனிநாதன் வாயைத் திறந்தான். வடிவு அத்தனை நாளும் விழுங்கிய சொல்லெல்லாம் குளவியாய்க் கிளம்பி, அவன் வாய்க்குள் புகுந்து, நாக்கில் ஒன்று விடாமல் கொட்டின.

"மை வைத்தது உண்மைதானே?" ராஜா கர்ஜித்தார்.

இல்லையென்று தலை ஆடியது. வாய் சொன்னது, "சரிங்க."

"வீட்டுச் சாவியையும் கப்பல் சாவியையும் கொடுக்கிறீர்களா?" வடிவு கேட்டாள்.

"சரிங்க."

கோமளவல்லி முன்னால் வந்தாள். "மூத்தவள் பைத்தியம், சரிங்க தவிர ஒன்றும் பேசமாட்டாள் என்று என்னிடம் சொன்னீர். அலுத்துப்போனால் எனக்கும் ஓர் அதிரசம் வைத்திருப்பீர், அப்படித்தானே?"

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். விரலிடுக்கில் கசிந்தது, "சரிங்க."

அவள் மாலையைக் கழற்றி அவன் காலடியில் வீசிவிட்டு, பெண்கள் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

அப்போதுதான் ஊர்ப் பெரியவர்களுக்கு இரக்கம் சுரந்தது. அத்தனை நாளும் எங்கே போயிருந்ததோ! "ஆயிரம் இருந்தாலும் புருஷன். பெண்ணாகப் பிறந்தவள் பொறுக்கவேண்டாமா? மன்னித்து உள்ளே சேர்த்துக்கொள் அம்மா" என்றார்கள். மாமியாரும் மூக்கைச் சிந்தினாள்.

ராஜா வடிவைப் பார்த்தார். "உன் சொல்தான் அம்மா தீர்ப்பு. சேர்த்துக்கொள்கிறாயா?"

வடிவு வாயோரத்து மையைப் புறங்கையால் துடைத்தாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கிறவள்போல நிதானமாகச் சொன்னாள்:

"மாட்டேன்."

ஓரமாய் நின்ற பெண்பிள்ளைகள், அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளக் கூட்டிவரப்பட்ட அதே பெண்பிள்ளைகள், உதட்டுக்குள் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தார்கள்.

கதை இவ்வளவுதான். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யாரென்று மட்டும் மூச்சுவிடாதீர்கள். அதிரசத்தோடு அலைகிற ஆண்பிள்ளைகள் நம் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள், எனக்கு வேகமாக ஓட முடியாது.