மூன்றாவது திரை

“ரெண்டு திரை பத்தல டீச்சர். மூணாவது ஒண்ணு வாங்கியிருக்கேன். மாட்ட வரல.”

போனில் இதைச் சொன்ன தெய்வசிகாமணியின் குரல் கம்மிப்போயிருந்தது. நாலு நாளாக அவர் யாரோடும் பேசியிருக்கவில்லை.

அவருக்கு வயது ஐம்பத்தேழு. செயற்கைக்கோள் எடுத்த படங்களைப் பார்த்து, குளங்களின் கரையை வரைபடத்தில் கோடாக இழுப்பது வேலை. கம்பெனி அலுவலகத்தைக் காலி செய்து, எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. அதே வருஷம் மனைவி போய்ச் சேர்ந்தாள். மகன் நார்வேயில். பாளையங்கோட்டையில் இரண்டாவது மாடி வீட்டில், மேசையும் அவருமாக மூன்று வருஷம் ஓடிவிட்டது.

ரூபவதி டீச்சர் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவர். நாற்பதைத் தாண்டிய பிறகு தெய்வசிகாமணிக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது டீச்சர்தான். அன்றிலிருந்து எந்தச் சந்தேகம் என்றாலும் அவரிடம்தான் கேட்பார்.

டீச்சர் பெரும்பாலும் பதில் சொல்லமாட்டார். செய்து வைத்துவிட்டுப் போய்விடுவார்.

சனிக்கிழமை காலை வந்தார்.

புதுத் திரை கறுப்பாக நின்றது. நடுவில் ‘சிக்னல் இல்லை’ என்று மட்டும் ஓடியது. கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டதாகவும், பத்து தடவை அணைத்துப் போட்டுவிட்டதாகவும் தெய்வசிகாமணி சொன்னார்.

டீச்சர் குனிந்து கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் பார்த்தார். மற்ற இரண்டு கேபிளும் கீழே கிராபிக்ஸ் கார்டில் இருந்தன. புதியது மட்டும் மேலே வேறொரு துளையில் செருகியிருந்தது. பிடுங்கிக் கீழே மாட்டினார்.

திரை விழித்தது.

ஆனால் அம்புக்குறி வழி தவறியது. இடது பக்கம் இருக்கும் திரைக்குப் போக, வலது ஓரத்தில் கொண்டுபோய் முட்ட வேண்டியிருந்தது. டீச்சர் செட்டிங்ஸைத் திறந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று கட்டங்கள். மூன்றை இழுத்து இடப்பக்கம் வைத்தார். சரியாயிற்று.

“ஒண்ணுல என்ன வைப்பீங்க சார்?”

“படம்.”

“ரெண்டுல?”

“வரைபடம்.”

“மூணுல?”

தெய்வசிகாமணி மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

“எதாவது ஓடிக்கிட்டு இருக்கட்டும்னு நினைச்சேன். செய்தி, சினிமா, எதுவோ. வீட்டுல ஒரு பேச்சுச் சத்தம் கேக்கும்லா.”

டீச்சர் மேசையைச் சுற்றி வந்தார்.

புதுத் திரையைத் தூக்கினார். மேசையின் அந்தப் பக்க ஓரத்தில், முதுகு தெய்வசிகாமணியைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். கேபிள் எட்டவில்லை; பெட்டியை நகர்த்தினார். இரண்டில் தெரிவதே மூன்றிலும் தெரியும்படி மாற்றினார்.

பிறகு அடுக்களையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து எதிரே உட்கார்ந்தார். திரைகளுக்கு மேலே டீச்சரின் நெற்றி மட்டும் தெரிந்தது.

“இது என்ன குளம்?”

பேர் கிடையாது, நம்பர்தான் என்றார் தெய்வசிகாமணி.

“கரை இங்க ஏன் வளையுது?”

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அந்த வளைவுக்கு ஒரு முழு நாள் எடுத்திருந்தார். அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

மெல்ல ஆரம்பித்தார். மழை மாதத்துப் படத்தில் தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது. மே மாதத்துப் படத்தில் அங்கே உளுந்து போட்டிருக்கிறார்கள். எதைக் கரை என்று வைப்பது? வயல் என்று விட்டுவிட்டால் குளம் அந்த அளவுக்குச் செத்துப்போகும். யோசித்து யோசித்து, தண்ணீரின் பக்கமே கோட்டை இழுத்தார்.

“இந்த இடமா?” எதிர்ப்பக்கம் டீச்சரின் விரல் திரையைத் தொடும் சத்தம் கேட்டது.

“மடை தெரியுதா? அதுக்குக் கொஞ்சம் மேல.”

ஒரு மணி நேரம் போனது. அவர் தொண்டை திறந்துகொண்டது.

டீச்சர் எழுந்தார். வாசல்வரை வந்த தெய்வசிகாமணிக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“நீங்க போனப்புறம் அந்தப் பக்கம் யாரு பாப்பாங்க?”

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“அத செட்டிங்ஸ்ல மாத்த முடியாது சார்.”

படியிறங்கிப் போய்விட்டார்.

தெய்வசிகாமணி திரும்பி வந்து உட்கார்ந்தார். எதிரே நாற்காலி காலியாக இருந்தது. திரையைத் தன் பக்கம் திருப்பிவிடலாம் என்று எழுந்து இரண்டு கையாலும் பிடித்தார்.

பிடித்தபடியே வெகுநேரம் நின்றார்.

பிறகு கையை எடுத்துவிட்டுக் கீழே இறங்கினார். முதல் மாடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. மணியை அழுத்தினார்.

பனியனோடு ஒருவர் கதவைத் திறந்தார்.

“என்ன சார், மேல தண்ணி வரலியா?”

“தண்ணி வருது,” என்றார் தெய்வசிகாமணி. “ஒரு குளம் காட்டணும். கொஞ்சம் வர்றீங்களா?”