அஞ்சு விரல் மழை

ஒன்றாம் வகுப்பில் விளையாட்டு நின்றுபோனது. பள்ளி ஆய்வாளர் தாண்டவமூர்த்தியின் உத்தரவு.

"விளையாட்டெல்லாம் வெட்டி வேலை, டீச்சரம்மா. உங்க விளையாட்டு என்னை இந்த நாற்காலியை விட்டு எழுப்பட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று புது டீச்சரிடம் சொல்லிவிட்டு, உண்ட மயக்கத்தில் கண்ணை மூடினார்.

டீச்சர் ஒரு விரலால் உள்ளங்கையில் தட்டினாள். பிள்ளைகளும் தட்டினார்கள். தூறல் விழுந்தது. இரண்டு விரல், மூன்று விரல் என்று ஏற ஏற, வகுப்பு முழுக்க மழை இறங்கியது. பிள்ளைகளின் கண்கள் சொக்கின. மண்வாசனைகூட வந்தாற்போல் இருந்தது. ஐந்து விரலும் சேர்ந்தபோது கொட்டித் தீர்த்தது.

"அடடா, கார்க் கண்ணாடி திறந்து கிடக்கே" என்று ஆய்வாளர் எழுந்து வாசலுக்கு ஓடினார். கையை நீட்டிப் பார்த்தார். கொளுத்துகிற வெயில்.

"ஐயா எழுந்துட்டீங்க" என்றாள் டீச்சர்.

நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. "இன்னொரு தரம் பெய்யட்டும்மா" என்றார்.

விளையாட்டை மீட்ட அந்த டீச்சர், செண்பகவல்லி.