மூக்காயி அடைத்த வாசல்

காட்டில் எல்லா உயிரும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், இருவாச்சிப் பறவையின் மரப்பொந்து வாசல் ஆவென்று திறந்தே கிடக்கும். அந்த வழியாகத்தான் உடும்பு ஏறி வந்து, மூக்காயி என்ற இருவாச்சியின் முட்டையை இரண்டு வருஷம் தொடர்ந்து தின்றது. இரண்டு முறையும் அவள் பொந்துக்குள்தான் இருந்தாள். உடும்பின் தலை தெரிந்ததும் உயிருக்குப் பயந்து பறந்துவிட்டாள். அந்த வெட்கம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த முட்டைக்கு நாள் நெருங்கியபோது கணவன் கொம்பனைக் கூப்பிட்டாள். கொம்பன் நல்லவன்தான், ஆனால் மரத்துக்கு மரம் உட்கார்ந்து கதையளப்பவன்.

"நான் உள்ள போய் வாசலை அடைச்சுக்கிறேன். மூக்கு நீட்ட மட்டும் ஒரு கீறல் விடுறேன். நீங்கதான் பழம் கொண்டாந்து ஊட்டணும்."

கொம்பன் சிரித்தான். "உடும்பைக் கண்டா சுவரை உடைச்சுக்கிட்டுப் பறக்கத்தானே போற?"

குத்தலாக இருந்தாலும் அது உண்மை. மூக்காயி உள்ளே போய், எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலைப் பூசினாள். பிறகு தன் நீண்ட இறகுகளைத் தன் அலகாலேயே ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கீறல் வழியே வெளியே தள்ளினாள். வலியில் கண்ணீர் வழிந்தது. விழுந்த இறகுகளைப் பார்த்ததும் கொம்பனின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இனி பறக்க நினைச்சாலும் முடியாது," என்றாள் மூக்காயி. "நீங்க வழியில கதை பேசி நின்னா நானும் இல்ல, பிள்ளையும் இல்ல."

முட்டையிட்டு அடைகாத்தாள். ஒருநாள் காலையில் போன கொம்பன் பொழுது சாய்ந்தும் வரவில்லை. உடும்பு வந்தது.

"தாயி, உன் வீட்டுக்காரன் எங்கயோ கதை பேசிக்கிட்டு நிக்கிறான். பட்டினியில சாகாம வெளிய வா."

பசியில் அவளுக்குத் தலை சுற்றியது. "அவர் வந்தாலும் சரி, வராட்டியும் சரி. முட்டையை விட்டு நான் நகர மாட்டேன்."

உடும்பு கீறலில் மூக்கை நுழைத்தது. மூக்காயி ஓங்கி ஒரு கொத்து கொத்தினாள். அது அலறிக்கொண்டு கீழே விழுந்து ஓடியது.

இருட்டும் நேரத்தில் பெருங்காற்று வீசுவதுபோல் இறக்கைச் சத்தம் கேட்டது. கொம்பன் மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தான்.

"ஆத்தோர அத்தியை மனுசங்க வெட்டிட்டாங்க. மலை தாண்டிப் போய்த் தேடினேன்," என்று சொல்லி, தொண்டையிலிருந்து பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஊட்டினான். மூக்காயிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே தின்றாள்.

குஞ்சு பொரிந்து வளர்ந்தது. மூக்காயிக்குப் புது இறகுகள் முளைத்தன. அவள் சுவரை உடைத்து வெளியே வந்தாள். உள்ளே இருந்த குஞ்சு, யாரும் சொல்லித் தராமலே, உடைந்த வாசலைத் திரும்பப் பூசி அடைத்துக்கொண்டது.

அன்று முதல்தான் பெண் இருவாச்சி இறகை உதிர்த்துவிட்டு உள்ளே அடைபடுகிறது. ஆண் வழியில் நிற்காமல் பழம் சுமக்கிறது. ஒரு முதிர்ந்த மரத்தை நம்பி, ஒரு பிள்ளைக்காக வாழும் குடும்பம் அது. கோடரி புகுந்த காடுகளில் அந்த இறக்கைச் சத்தம் அரிதாகிப் போனதும் அதனால்தான். மரம் சாயும்போது பறந்து தப்ப, உள்ளே இருப்பவளிடம் இறகு இல்லை.